மியூசினஸ் கட்டிக்கு வந்த நெகட்டிவ் ரிப்போர்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் ஹார்மோன் ஏற்பி சோதனை செய்யும் ஆய்வகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருக்கிறேன். மறுபரிசோதனைக்காக எங்களிடம் வந்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். நோயாளியும் அவர் மகனும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் மருத்துவமனைகளின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

## பின்னணி

நோயாளிக்கு வயது 59. அம்பத்தூர் பக்கம் வீடு. மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை.

இடது மார்பில் கட்டி இருப்பது குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் மகன் வற்புறுத்தி வீட்டருகே ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார். ஸ்கேனில் கட்டி உருண்டையாக, ஓரம் வழவழப்பாகத் தெரிந்தது. சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஊசி பயாப்ஸி எடுக்காமலேயே ஒரு சனிக்கிழமை மாலை கட்டியை முழுதாக வெட்டி எடுத்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகத் தோன்றும் கட்டிக்கு மாமோகிராம், பிறகு ஊசி பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி என்பதே முறை. செல்கள் சளியில் மிதக்கும் மியூசினஸ் வகைப் புற்று ஸ்கேனில் சாதுவான கட்டி போல ஏமாற்றும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. மியூசினஸ் கார்சினோமா, 2.4 செ.மீ., வெட்டிய ஓரத்தில் புற்று தொட்டுக்கொண்டிருக்கிறது. ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் நெகட்டிவ்; செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதத்தின் ஸ்கோர் 0, அதாவது அதுவும் நெகட்டிவ். கடைசி வரியில் ‘கன்ட்ரோல் திருப்திகரம்’ என்று ஒரு சொற்றொடர்.

அடையாறுக்குப் போகலாமா, பக்கத்திலேயே பார்க்கலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு ஓடி, கடைசியில் நகருக்குள் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே இரண்டாவது அறுவை நடந்தது. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் திசு எடுத்தார்கள். அக்குளில் மூன்று நிணநீர் முடிச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். முடிச்சுகளில் ஒன்றுமில்லை. எடுத்த திசுவில் மட்டும் 4 மி.மீ. அளவுக்கு மிச்சக் கட்டி இருந்தது. ஹார்மோன் சோதனை ஏற்கெனவே செய்தாயிற்று என்பதால் அதில் மறுபடி செய்யவில்லை. செலவை மிச்சப்படுத்தும் நல்லெண்ணம்தான். பழைய ரிப்போர்ட்டின் மூன்று நெகட்டிவ்களும் அப்படியே புதிய ஃபைலுக்கு ஏறிவிட்டன.

‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்று முடிவாகி, வலது தோள்பட்டைக்குக் கீழே மருந்து ஏற்றுவதற்கான கீமோ போர்ட் பொருத்தி, முதல் கீமோவுக்குத் தேதியும் கொடுத்தார்கள். முடி கொட்டும் என்று நர்ஸ் சொன்னதும் அந்த அம்மா திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். “எப்படியும் போகப்போற முடி, முருகனுக்காவது போகட்டும்” என்றாராம்.

## இந்தச் சோதனையில் என்ன இருக்கிறது

மார்பகப் புற்றுச் செல்கள் பலவற்றின் கருவில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருக்கும். அதுதான் ஈ.ஆர். புரொஜெஸ்டிரோனுக்கு உரியது பி.ஆர். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கிலிருந்து மிக மெல்லிய சீவல் எடுத்து, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பரப்பி, நிறமேற்றுவோம். ஏற்பி இருந்தால் கரு பழுப்பாகும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். அமெரிக்க வழிகாட்டுதல்படி 2010 முதல் 1% செல்கள் பழுப்பானாலே பாசிட்டிவ். 2020ல் அதைத் திருத்தி, 1 முதல் 10% வரை உள்ளதைக் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்பிடச் சொன்னார்கள்.

இந்தப் பழுப்பு நிறத்தை வைத்துத்தான் அடுத்த ஐந்து, சில சமயம் பத்து ஆண்டுகளின் மருத்துவம் முடிவாகிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டு கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஈ.ஆர். இல்லாத கட்டிக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. ஆகவே தவறான நெகட்டிவ் வந்தால் இரட்டை நஷ்டம்: வேண்டாத கீமோ ஒரு பக்கம், கிடைக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிது. அது உடனே தெரியாது, நோய் திரும்பினால்தான் தெரியும்.

## சந்தேகம் எழுந்தது எப்படி

கீமோ மருந்தளவைக் கணக்குப் போட உட்கார்ந்த இளம் புற்றுநோய் மருத்துவர் ஃபைலை முதலிலிருந்து படித்திருக்கிறார். பலரும் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். மியூசினஸ், முடிச்சில் நோயில்லை, ஆனால் ட்ரிப்பிள் நெகட்டிவ். மூன்றும் ஒன்றாகப் பொருந்தவில்லை என்று பட்டு எனக்குப் போன் செய்தார்.

“டாக்டர், சுத்தமான மியூசினஸ்ல ட்ரிப்பிள் நெகட்டிவ் பார்த்திருக்கீங்களா?”

வராது என்று அடித்துச் சொல்ல முடியாது. மிக அரிது. மியூசினஸ், ட்யூபுலர், சாதாரண லோபுலர் ஆகிய வகைகளும், வீரியம் மிகக் குறைந்த கிரேடு 1 கட்டிகளும் ஏறக்குறைய எப்போதும் ஈ.ஆர். பாசிட்டிவாக இருக்கும் குடும்பம். இந்த வகைகளில் நெகட்டிவ் வந்தால் முதலில் சோதனையை மறுபடி செய், பிறகு சிகிச்சையைப் பேசு என்றுதான் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

கீமோவை ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம் எளிது. கட்டி முழுதாக எடுத்தாயிற்று, முடிச்சுகளில் நோயில்லை. நிஜமாகவே ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றாலும் ஒரு வாரத்தில் குடி முழுகிவிடாது. கீமோ ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

மகனிடம் மூன்று பொருள்களைக் கொண்டுவரச் சொன்னோம்: முதல் அறுவையின் மெழுகு பிளாக்குகள், முதல் லேபில் நிறமேற்றிய ஈ.ஆர்., பி.ஆர். ஸ்லைடுகள், இரண்டாவது அறுவையின் பிளாக்குகள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பிளாக்கை லேப் கொடுக்குமா என்று தயங்கினார். கடிதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் கொடுப்பார்கள், கொடுத்தார்கள். முதல் லேப் அதில் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை.

## ஸ்லைடில் கண்டது

வகையில் சந்தேகம் இல்லை. வெளிர் நீலச் சளிக் குளங்கள், அவற்றில் தீவுகளாக மிதக்கும் செல் கொத்துகள். சுத்தமான மியூசினஸ்.

அடுத்து முதல் லேபின் ஈ.ஆர். ஸ்லைடு. கட்டிச் செல்கள் அனைத்தும் நீலம். ஒரு செல்கூடப் பழுப்பாகவில்லை. இதைப் பார்த்து நெகட்டிவ் என்று எழுதியதில் வியப்பில்லை. ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். வலது மேல் மூலையில், கொழுப்பை ஒட்டி, ஒரே ஒரு சாதாரணப் பால் குழாய். புற்று இல்லாத, ஆரோக்கியமான குழாய். அதன் செல்களில் சிலவாவது பழுப்பாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் சாதாரண மார்பகக் குழாயிலும் ஈ.ஆர். உண்டு. அதுவும் முழுக்க நீலம்.

இந்த நிகழ்வின் திருப்பம் அந்த ஒரு குழாய்தான். ரிப்போர்ட்டில் ‘கன்ட்ரோல் திருப்திகரம்’ என்று இருந்தது பொய்யில்லை. லேபில் ஒவ்வொரு முறையும் தெரிந்த பாசிட்டிவ் திசு ஒன்றைத் தனி ஸ்லைடில் சேர்த்து ஓட்டுவார்கள்; அது அன்று நன்றாகவே நிறமேறியிருந்தது. அதாவது மெஷினும் மருந்தும் சரி. ஆனால் அந்த வெளிக் கன்ட்ரோல் வேறு யாரோ ஒருவரின், நன்றாகப் பதப்பட்ட திசு. நோயாளியின் திசுவுக்கு வழியில் என்ன ஆனது என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதே சீவலில் இருக்கும் சாதாரணக் குழாய். அதுவே நிறமேறவில்லை என்றால் சோதனை நெகட்டிவ் என்று அர்த்தமில்லை; அந்தத் திசுவில் சோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

## சனி மாலையிலிருந்து திங்கள் வரை

மெஷினும் மருந்தும் சரியென்றால், திசு லேபுக்கு வருமுன் ஏதோ ஆகியிருக்க வேண்டும். அறுவை விண்ணப்பப் படிவத்தில் திசு எடுத்த நேரம், பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டு கட்டங்களும் காலி.

காலியிடத்தை நிரப்பியவர் மகன். நம் ஊரில் அறுவை முடிந்ததும் கட்டியை கிட்னி ட்ரேயில் வைத்து வெளியே கொண்டுவந்து வீட்டாருக்குக் காட்டுவது வழக்கம். அதை எடுத்துவிட்டோம் என்று கண்ணால் பார்த்தால்தான் குடும்பத்துக்கு நிம்மதி. மகன் அதை செல்போனில் படம் பிடித்திருந்தார். “ஊர்ல இருக்கற அக்காவுக்கு அனுப்பலாம்னு எடுத்தேன் டாக்டர்” என்று சொல்லி நீட்டினார். ரத்தம் ஊறிய காஸ் துணிமேல், கொழுப்போடு சேர்ந்து உள்ளங்கை அளவு திசு, வெட்டாமல் முழுதாக. படத்தின் விவரத்தில் நேரம் 7:52. மயக்க மருந்துக் குறிப்பில் கட்டி வெளியே வந்த நேரம் 6:40. அப்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் புரதங்கள் சிதையத் தொடங்கும்.

பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, லேபில் கொடுத்துவிடுங்கள் என்று மகன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு லேப் மூடியாயிற்று, ஞாயிறு விடுமுறை. மஞ்சப்பையில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்திருந்து, திங்கள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்தார். “உள்ளே தண்ணி பாதிதான் இருந்துச்சு, கட்டி மேல தூக்கிட்டு நின்னுச்சு” என்றார். அந்தத் ‘தண்ணி’தான் ஃபார்மலின். திசுவின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திசு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது விதி. சனி இரவு முதல் திங்கள் மதியம் வரை நாற்பது மணி நேரம். காகிதத்தில் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் இறங்கும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. ஆறு செ.மீ. அகலத் திசுவை வெட்டாமல், பாதி டப்பா ஃபார்மலினில் வைத்தால் வெளிப்புறம் மட்டும்தான் பதமாகும். அரைவேக்காட்டு முட்டை மாதிரி நடுப்பகுதி அப்படியே இருந்து கெட்டுப்போகும். முதல் லேப் ஹார்மோன் சோதனைக்குத் தேர்ந்தெடுத்த பிளாக், கட்டி அதிகமாக இருக்கும் பகுதி என்பதால், நட்டநடுவிலிருந்து எடுத்தது.

இதைக் கேட்டதும் மகன் கேட்ட கேள்வி: “நான் பரண்ல வெச்சதாலயா டாக்டர்?” இல்லை. அந்தத் திசுவை அவர் கையில் கொடுத்திருக்கவே கூடாது. அதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன்.

## மறுசோதனை

இரண்டு திசுக்களில் செய்தோம். ஒன்று, முதல் அறுவையின் ஓரப் பிளாக். மற்றது, இரண்டாவது அறுவையில் கிடைத்த 4 மி.மீ. மிச்சக் கட்டி. அந்த மருத்துவமனையில் திசுவை உடனே துண்டு போட்டு, போதுமான ஃபார்மலினில் வைத்திருந்தார்கள், நேரமும் குறித்திருந்தார்கள்.

ஓரப் பிளாக்கில் தெரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மை தடவிய வெளி ஓரத்தை ஒட்டிய செல் தீவுகள் அடர் பழுப்பு. உள்ளே போகப் போக நிறம் மங்குகிறது. சில மில்லிமீட்டர் தாண்டியதும் வெறும் நீலம். அது ஃபார்மலின் எங்கே நின்றது என்பதற்கான வரைபடம். கட்டியின் குணம் இப்படி ஓரத்திலிருந்து உள்ளே சீராக மங்காது.

மிச்சக் கட்டியில் குழப்பமே இல்லை. ஈ.ஆர். 95%க்கு மேல், அடர்த்தியாக. நிறமேறிய செல்களின் அளவையும் அடர்த்தியையும் சேர்த்துப் போடும் ஆல்ரெட் ஸ்கோர் எட்டுக்கு எட்டு. பி.ஆர். 70%. ஹெர்2 1+, அதாவது நெகட்டிவ். அருகிலிருந்த சாதாரணக் குழாய்களும் நிறமேறியிருந்தன; இந்த முறை அதை ரிப்போர்ட்டிலேயே எழுதினோம்.

## சிகிச்சை மாறியது

பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் ட்யூமர் போர்டில் விவாதம் நீளவில்லை. மாதவிடாய் நின்றவர், சுத்தமான மியூசினஸ், 2.4 செ.மீ., முடிச்சில் நோயில்லை, ஹார்மோன் ஏற்பி வலுவான பாசிட்டிவ். கீமோவால் பெரிதாக ஆதாயம் இல்லை. கைவிட்டார்கள். போர்ட்டை எடுத்தார்கள். மார்பைக் காப்பாற்றிய அறுவை என்பதால் 15 தவணை கதிர்வீச்சு. அதன்பிறகு தினமும் லெட்ரோசோல் 2.5 மி.கி., ஐந்து ஆண்டு.

மாதவிடாய் நின்ற பிறகு ஏது ஈஸ்ட்ரோஜன் என்று அந்த அம்மாவுக்கு நியாயமான சந்தேகம். சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்புத் திசு அரோமட்டேஸ் என்ற நொதியால் கொஞ்சம் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். லெட்ரோசோல் அதைத்தான் தடுக்கிறது. தடுப்பதன் விலை எலும்புத் தேய்மானம். அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்தார்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு எழுதி வாங்கிய அனுமதியை ரத்து செய்து, கதிர்வீச்சுக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதில்தான் அதிக அலைச்சல்.

## அதன்பின்

மூன்றாம் மாதம் விரல் மூட்டுகளில் வலி. காலையில் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை என்று வந்தார். லெட்ரோசோலில் இது வழக்கமான புகார். இதனாலேயே மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இவர் சொன்னது நல்லதாயிற்று. அதே வகை மாத்திரையான அனஸ்ட்ரசோலுக்கு மாற்றினார்கள், நடைப்பயிற்சியும் சேர்ந்து, வலி தாங்கும் அளவுக்கு வந்தது. முதல் ஆண்டு மாமோகிராமில் புதிதாக எதுவும் இல்லை.

## எங்கே எது மாற வேண்டும்

இது ஒரு லேபின் தப்பு என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஆபரேஷன் தியேட்டர், டப்பா, ஞாயிற்றுக்கிழமை, பிளாக் தேர்வு, ரிப்போர்ட் வாசகம், இரண்டாவது மருத்துவமனையின் ‘ஏற்கெனவே செய்தாயிற்று’ என எல்லாம் வரிசையாகக் கைகோத்திருக்கின்றன. எந்த ஒன்று அறுந்திருந்தாலும் விஷயம் முன்பே பிடிபட்டிருக்கும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லேண்டில் இதே சோதனையில் 1997 முதல் 2005 வரை நடந்த பிழைகள் நூற்றுக்கணக்கான பெண்களைப் பாதித்தன. அங்கேயும் பூனைக்குட்டி வெளியே வந்தது, கட்டியின் வகைக்கும் நெகட்டிவ் முடிவுக்கும் பொருத்தமில்லாத ஒரு நோயாளியின் திசுவை மறுபடி சோதித்தபோதுதான். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009ல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் படிவத்தில் நேரக் கட்டத்தைக் காலியாக விடும் பழக்கம் நம்மிடம் போகவில்லை என்பது எனக்கு எரிச்சல்தான்.

நர்சிங் ஹோம் அறுவை மருத்துவரிடம் பேசியபோது முதலில் கோபப்பட்டார். இத்தனை வருஷமாக இப்படித்தானே அனுப்புகிறோம் என்றார். திசுவை நாங்கள் வெட்டினால் ஓரம் குழம்பிப்போகும், அப்புறம் நீங்களே குறை சொல்வீர்கள் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் உண்டு. நூல் போட்டுத் திசை குறித்துவிட்டு, பின்புறத்திலிருந்து கட்டி வரை ஒரே நேர்வெட்டு போட்டால் போதும், ஓரம் கெடாது என்று பேசி முடிவு செய்தோம். வாயகன்ற பெரிய டப்பா, பத்து மடங்கு ஃபார்மலின், எடுத்த நேரமும் போட்ட நேரமும் டப்பாமேலேயே எழுதுவது, திசுவை வீட்டார் கையில் கொடுக்காமல் இருப்பது என்பதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். வீட்டாருக்குக் காட்டுவதை மட்டும் நிறுத்த முடியாது என்றார். சரி, காட்டுங்கள், ஃபார்மலினில் போட்டு டப்பாவோடு காட்டுங்கள் என்றேன்.

இதையெல்லாம்விட நல்ல வழி முதலிலேயே ஊசி பயாப்ஸி எடுத்து, ஹார்மோன் சோதனையை அதில் செய்வது. தீக்குச்சி பருமனுள்ள திசுவுக்குள் ஃபார்மலின் சீக்கிரமே முழுக்க இறங்கிவிடும். சனிக்கிழமை ராத்திரி பிரச்சினையே வராது.

நோயாளியின் வீட்டாருக்கு என் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஹார்மோன் சோதனை நெகட்டிவ் என்று வந்தால், பக்கத்திலிருக்கும் சாதாரணக் குழாய் நிறமேறியதா என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா எனக் கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். மறுசோதனைக்குப் பிளாக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது.

முதல் லேப் எங்கள் கடிதத்துக்குப் பிறகு தன் ரிப்போர்ட் படிவத்தில் உள் கன்ட்ரோலுக்கு, அதாவது அதே சீவலில் இருக்கும் சாதாரணக் குழாய்க்கு, தனி வரி சேர்த்தது. குழாய் இல்லாத பிளாக்காகவோ நிறமேறாத குழாயாகவோ இருந்தால், நெகட்டிவ் என்று எழுதாமல் ‘முடிவு சொல்ல இயலாது, வேறு திசு தேவை’ என்று எழுதுகிறார்கள். அதே நர்சிங் ஹோமிலிருந்து முந்தைய ஆண்டில் வந்து நெகட்டிவ் ஆன பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள். இரண்டு கிடைத்தன, இரண்டையும் எங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்றில் சாதாரணக் குழாய்கள் அழகாக நிறமேறியிருந்தன, கட்டி நீலமாகவே இருந்தது. அது நிஜமான ட்ரிப்பிள் நெகட்டிவ். அவருக்குக் கொடுத்த கீமோ சரியான கீமோ. இன்னொன்றில் குழாயே இல்லை, கட்டி முழுக்க நடுப்பகுதித் திசு. அந்த நோயாளியை வேறொரு பிளாக்குக்காகத் தொடர்புகொள்ளும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.